61 நாள் தடைக்காலத்தில் ஆங்கிலம்: வகுப்பா, போனா, புத்தகமா, பேச ஒரு ஆளா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன்கள் இனம் பெருகுவதற்காக அரசு விடும் தடைக்காலம் அது, மொத்தம் 61 நாள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும், பெயின்ட் அடிப்பதும், வலை முடைவதும், தள்ளிப்போட்ட கல்யாணத்தை வைப்பதும் எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான்.

இந்த முறை தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் என் தம்பி மகன் வீட்டுக்கு வந்தான். படகில் இன்ஜின் பார்ப்பவன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன். துபாயில் ஒரு போட் இன்ஜின் பட்டறையில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் போனில் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்களாம்.

"அத்தை, ராமநாதபுரத்துல ஸ்போக்கன் இங்கிலீஷ் சேரவா, இல்ல காசு கட்டி ஆப் வாங்கவா? பஸ் ஸ்டாண்டுல முப்பது நாள் புக்கு ஒண்ணு பாத்தேன், அதுவே போதுமா?"

ராமேசுவரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அவன் சொன்ன மூன்றிலும் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் யோசித்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு நிறைய வீடுகளிலிருந்து வருகிறார்கள்.

அவனிடம் நான் முதலில் கேட்டது, "அங்க உன்கூட யார் பேசப் போறாங்க?" என்றுதான். துபாய்ப் பட்டறையில் மேற்பார்வையாளர் எகிப்துக்காரராக இருக்கலாம், கூட வேலை செய்பவர் பிலிப்பைன்ஸ்காரராகவோ கேரளாக்காரராகவோ பாகிஸ்தான்காரராகவோ இருக்கலாம். லண்டன்காரர் ஒருவர் வந்து இவனிடம் பேசுவது அபூர்வம். ஆக அவனுக்கு வேண்டியது, வேறு வேறு நாட்டுக் காதுகளுக்குப் புரிகிற தெளிவான ஆங்கிலம். இதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் எடை போட்டோம்.

முதலில் பஸ் ஸ்டாண்டு புத்தகம். விலை குறைவு, பையில் அடங்கும், தமிழில் விளக்கம் இருக்கும். வாக்கியங்களைப் பார்த்து வைக்க உதவும், மறுக்கவில்லை. ஆனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறார்களே, அங்கேதான் அது கவிழ்த்துவிடும். இப்போது நான் இங்கே 'கோட்' என்று எழுதுகிறேன். நீங்கள் எதைப் படித்தீர்கள்? மேல்சட்டையா, ஆடா, போனில் போடும் ரகசிய எண்ணா? ஆங்கிலத்தில் இவை மூன்றும் வேறு வேறு ஒலி. நம் எழுத்தில் மூன்றுக்கும் ஒரே உடைதான். 'பில்' என்றால் ரசீதா, மாத்திரையா? 'டை' என்றால் கழுத்தில் கட்டுவதா, செத்துப்போவதா? 'பேக்' என்று எழுதினால் பையும் வரும், முதுகும் வரும், பொட்டலம் கட்டுவதும் வரும். எழுத்தில் குறை ஒன்றும் இல்லை, தமிழுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்தை அதற்குள் ஊற்றினால்தான் வழிந்துவிடுகிறது. ஒலியைக் கண்ணால் படிக்க முடியாது, காதால்தான் வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் அவனுக்கு ஒரு நல்ல செய்தியும் சொன்னேன். அந்த ஒலிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 'பாம்பன்' என்று சொல்லிப் பாருங்கள். எழுத்தில் இரண்டும் ஒரே 'ப' வரிசைதான். வாயில் இரண்டும் வேறு. முதலாவது உதட்டைப் பட்டென்று திறக்கும் ஒலி. இரண்டாவது தொண்டை அதிர வரும் ஒலி. அந்த இரண்டாவது ஒலியை நாம் 'ம்'முக்குப் பின்னால் மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம், சொல்லின் தொடக்கத்தில் சொல்லிப் பழகவில்லை. ஆகவே ரசீதுக்குரிய 'பில்' வேண்டுமென்றால் 'ம்பில்' என்று சொல்லத் தொடங்கி, நாள் போகப் போக அந்த 'ம்'மைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆட்டுக்குரிய 'கோட்' வேண்டுமா, 'தங்கச்சிமடம்' என்பதில் 'ங்'குக்குப் பின்னால் வரும் ஒலியில் தொடங்குங்கள். சாவுக்குரிய 'டை', 'தொண்டி' என்பதில் 'ண்'ணுக்குப் பின்னால் வரும் ஒலியில் தொடங்குகிறது. ஊர்ப் பெயர்களே பாடம். என் மருமகனுக்கு இது ஒரே வாரத்தில் பிடிபட்டது.

இது துபாயில் ஏன் முக்கியம் என்றால், அரபியில் 'படகு' என்பதன் முதல் ஒலி கிடையாது, 'தம்பி'யில் வரும் ஒலி மட்டுமே உண்டு. அதனால் அங்கே பலர் 'பார்க்கிங்' என்பதையே 'தம்பி' ஒலியில் தொடங்குவார்கள். நம் ஆட்கள் அதற்கு நேர்மாறாக, 'தம்பி' ஒலியில் தொடங்க வேண்டிய 'பஸ்'ஸை 'படகு' ஒலியில் சொல்வார்கள். இரண்டு பேரும் சந்திக்கும் இடத்தில் ஒருவராவது தெளிவாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

எல்லா ஒலியையும் திருத்த 61 நாள் போதாது. அதனால் எதைத் திருத்துவது, எதை விடுவது என்று முடிவு செய்தோம். சொல் தொடக்கத்தில் வரும் இந்த ஒலிகள் முதல் வேலை. அடுத்தது மேற்பல் கீழுதட்டைத் தொட வரும் 'ஃப'. கடற்கரைப் பிள்ளை 'ஃபிஷ்' என்பதை 'பிஸ்' என்று சொன்னால் சொந்தத் தொழிலின் பெயரே எதிராளிக்குப் போய்ச் சேராது. அப்புறம் 'ஸீரோ'வின் தொடக்கத்தில் தேனீ போல் இரையும் ஒலி. அப்புறம் 'எட்டு' என்பதை 'யெட்டு' என்றும் 'ஒன்று' என்பதை 'வொண்ணு' என்றும் சொல்லும் பழக்கத்தில் 'யெக்', 'வொன்லி' என்று வந்துவிடுவது. கடைசியாக, சொல் முடிவில் ஒட்டிக்கொள்ளும் 'உ': புக்கு, லைட்டு, போட்டு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது நன்னூல் காலத்து இலக்கணம், நம் நாக்கு அதை இன்றும் விடாமல் காப்பாற்றுகிறது.

எதை விட்டுவிட்டோம்? 'டி' ஒலியை. ஆங்கிலேயரின் நாக்கு நம் 'ட'வைப் போல மடிந்து போகாது, மேற்பல்லின் ஈறுக்குச் சற்று மேலே தொடும். பழைய உச்சரிப்பில் 'ற்ற' வரும் இடம் அது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தார் கனடாவின் டொரண்டோ நகரத்தை 'ரொறன்ரோ' என்று எழுதுவதற்குக் காரணமும் அந்த நாக்கு வைக்கும் இடம்தான். கேட்க அழகு. ஆனால் நம் 'ட' உலகத்தில் யாருக்கும் புரியாமல் போகாது. அதற்காக ஒரு நாளையும் செலவு செய்ய வேண்டாம் என்றேன். ராமேசுவரத்தில் படிப்பைத் தொடங்கி ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போன அப்துல் கலாம் கடைசிவரை பேசிய ஆங்கிலத்தில் நம் தமிழின் ஓசை இருந்தது. அதோடுதான் அவர் குடியரசுத் தலைவராகவும் பேசினார், எல்லாருக்கும் புரிந்தது.

ஒலியைவிட ஆளை அதிகம் குழப்புவது அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய சமமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசை எழும்பும், மற்றவை கரைந்துவிடும். 'ஹோட்டல்' என்று நாம் முதல் அசையில் ஊன்றுவதை அவர்கள் இரண்டாவதில் ஊன்றுவார்கள். 'வெஜிடேபிள்' என்று நாம் நான்காகச் சொல்வதை 'வெஜ்டபிள்' என்று மூன்றாக முடிப்பார்கள். லாட்ஜில் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பத்தை 'தர்ட்டீன்' அறைக்குப் போகச் சொன்னேன், அவர்கள் முப்பதாம் அறையின் கதவைத் தட்டி, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிவிட்டார்கள். பதின்மூன்றில் பின்பகுதி நீண்டு அழுந்த வேண்டும், முப்பதில் முன்பகுதி அழுந்திப் பின்பகுதி சட்டென்று முடிய வேண்டும். அன்றிலிருந்து 'ஒன் த்ரீ', 'த்ரீ ஸீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லும் பழக்கம் வந்தது. இன்ஜின் உதிரிபாக எண்களைப் போனில் சொல்லப் போகிறவனுக்கு இதைத்தான் முதல் நாளே சொல்லிக்கொடுத்தேன்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். நான் மூன்று மாதம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போயிருக்கிறேன். ஒரு பேட்சில் 30 பேர், ஒரு மணி நேரம். ஆசிரியர் வாயே திறக்காமல் எங்களையே பேச விட்டாலும் ஆளுக்கு 2 நிமிடம்தான் வரும். நடந்தது என்னவென்றால் அவர் பேசினார், நாங்கள் நோட்டில் எழுதினோம். 12 டென்ஸுக்கும் அட்டவணை போட்டேன், கையெழுத்து அழகாக இருந்தது. கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். அடுத்த வாரம் கல்கத்தாக் குடும்பம் ஒன்று வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குப் பட்ட வேதனை இன்னும் நினைவிருக்கிறது. நேரமும் காசும் கொடுத்து நான் வாங்கியது அட்டவணைகளை மட்டும்தான்.

அதனால் எந்த வகுப்பில் சேரப் போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த ஒரு மணி நேரத்தில் நான் எத்தனை நிமிடம் பேசுவேன்? ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும் பேட்சாக இருந்து, 10 நிமிடமாவது பேச வைத்தால் தாராளமாகச் சேரலாம். இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒரு பெண்பிள்ளைக்கு வகுப்பு என்று சொன்னால்தான் வீட்டை விட்டு வெளியே வர முடிந்தது. அவளுக்கு அந்த வகுப்பு ஆங்கிலத்தைவிடப் பெரிய ஒன்றைக் கொடுத்தது. அப்படிப்பட்டவர்களிடம் கணக்குப் பேச மாட்டேன்.

என் மருமகன் கதை வேறு. தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல். தடைக்காலம் முடிந்ததும் விசைப்படகு திங்கள், புதன், சனி என்று அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும், மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கும் வகுப்பில் பாதி நாள் அவன் இருக்கவே மாட்டான். விட்டுப்போன பாடத்தை யாரும் திரும்ப நடத்த மாட்டார்கள்.

ஆப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் பத்து நிமிடம் உட்கார வைக்கும், சொற்களை மறக்காமல் திரும்பத் திரும்பக் காட்டும், அதுவரை நல்லது. இலவசமாகக் கிடைப்பதே போதும். ஆண்டுச் சந்தா கட்டாதே என்றேன். யூடியூபில் தமிழில் ஆங்கிலம் சொல்லித்தருபவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அரை மணி நேரப் பாடத்தில் பெரும்பகுதி தமிழைத்தான் கேட்கிறோம்.

கேட்பதற்கு நான் சிபாரிசு செய்வது பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்'. பிபிசி 1943லேயே வானொலியில் ஆங்கிலம் சொல்லித்தரத் தொடங்கிவிட்டது. இது ஆறு நிமிட உரையாடல், காசில்லை, பேசுவது முழுவதும் எழுத்திலும் கிடைக்கும். அது கடினமாக இருந்தால் பிரிட்டிஷ் கவுன்சிலின் 'லேர்ன்இங்கிலீஷ்' தளத்தில் நிலை நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், தொடக்க நிலையிலிருந்து கேட்கலாம். முதலில் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை, பிறகு பார்த்துக்கொண்டு ஒரு முறை, கடைசியில் கூடவே சேர்ந்து சத்தமாக. கரையை விட்டுப் போனால் சிக்னல் இருக்காது என்பதால் முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு குறை, அவர்களின் பேச்சு பெரும்பாலும் பிரிட்டிஷ் பேச்சு. துபாய்க்குப் போகிறவர் எகிப்து, பிலிப்பைன்ஸ் ஆட்கள் ஆங்கிலம் பேசும் வீடியோக்களையும் தேடிக் கேட்டுக் காதைப் பழக்க வேண்டும்.

சொற்களுக்குக் காசு கொடுக்கவே தேவையில்லை. வங்காளத்தில் கல்வி அதிகாரியாக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1953இல் அன்றாடத் தேவைக்கான சுமார் 2,000 சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். சாதாரண எழுத்தில் வருவதில் ஏறத்தாழ 80 சதவீதம் அந்தச் சொற்களிலேயே அடங்கிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலும் அதன் புதிய வடிவங்களும் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. அதைவிட முக்கியம், நம்மிடம் ஏற்கெனவே இருப்பது. என் மருமகன் படகில் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'செக் பண்ணு', 'ஸ்டார்ட் பண்ணு', 'ரிப்பேர் பண்ணு' என்கிறான்! அந்தப் 'பண்ணு'வை உதறிவிட்டால் மிச்சம் ஆங்கில வினைச்சொல். பிஸ்டன், ஃபில்டர், கேஸ்கட், ஆயில் லீக் எல்லாம் கையில் இருக்கிறது. திருத்த வேண்டியது சில மட்டும்: 'டைட் பண்ணு' அங்கே 'டைட்டன்' ஆகும், 'லூஸ் பண்ணு' 'லூஸன்' ஆகும், 'ஆன் பண்ணு' 'டர்ன் ஆன்' ஆகும். சில சொற்கள் நம் ஊரில் பொருள் மாறிப்போயிருக்கின்றன. 'காலேஜ் பாஸ் அவுட்' என்று நாம் பெருமையாகச் சொன்னால் வெளிநாட்டில் பலருக்கு மயங்கி விழுந்தது என்று கேட்கும். 'டிபன்' என்றால் புரியாது. (எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'காட்டமரன்' ஆகி, இப்போது இரண்டு உடல் கொண்ட பெரிய படகுக்குப் பெயராக இருக்கிறது.)

இலக்கணத்துக்கு வீட்டுப் பக்கத்துப் பிள்ளையின் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பாடநூல்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். தனியாக வாங்குவதென்றால் ஒரு பக்கம் விளக்கம், எதிர்ப்பக்கம் பயிற்சி, கடைசியில் விடை என்று இருப்பதாகப் பார்த்து வாங்கலாம். ஆனால் பேசத் தொடங்கிய பிறகு வாங்குங்கள், முன்னால் வேண்டாம். தமிழிலிருந்து நேராக இழுத்து வரும் தவறுகள் ஒரு கை விரலில் அடங்கும். 'எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க' என்பது 'ஐ ஆம் ஹேவிங்' ஆகிவிடும், 'ஐ ஹேவ்' போதும். 'மூணு வருஷமா' என்பதற்கு 'சின்ஸ்' போட்டுவிடுவோம், கால அளவுக்கு 'ஃபார்' வர வேண்டும், தொடங்கிய நாளுக்குத்தான் 'சின்ஸ்'. 'டிட் நாட்' வந்த பிறகு 'வென்ட்' வராது, 'கோ'தான். 'நான்தான்' என்பதற்கு 'ஐ ஒன்லி' என்போம், 'ஐ'யையே அழுத்திச் சொன்னால் போதும்.

ஆக ஒலி, சொல், இலக்கணம், கேட்பது, எல்லாம் சும்மாவோ சொற்பக் காசிலோ கிடைக்கிறது. கிடைக்காதது, நாம் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டு, புரியாத இடத்தில் நிறுத்தும் ஒரு காது. காசு செலவழிப்பதென்றால் அதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. கணக்கும் அதையே சொல்கிறது. நான் போனது போன்ற வகுப்பில் 61 நாளும் நாளுக்கு 2 நிமிடம் பேசினால் 122 நிமிடம். ஒருவரோடு தினம் 15 நிமிடம் போனில் பேசினால் 915 நிமிடம், அதாவது 15 மணி நேரத்துக்கும் மேல்.

இந்தக் கரையில் அப்படிப்பட்ட காதுகளுக்குப் பஞ்சமே இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி எங்கே போனாலும் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ இருந்து திரும்பியவர்களைப் பார்க்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். யாருமே கிடைக்காவிட்டால் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்கு ஒருவராகப் பேசும் இணைய ஆசிரியர்கள் உண்டு, வாரம் இரண்டு முறை போதும். (ராமேசுவரத்தில் யாத்ரீகர்களோடு பேசிப் பழகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வருபவர்களில் பெரும்பாலோர் இந்தி பேசுகிறவர்கள். ஆட்டோ ஓட்டவும் சங்குக் கடை வைக்கவும் இந்திதான் முதலில் கைகொடுக்கும், அது வேறு கணக்கு.)

இதே முடிவு எல்லாருக்கும் பொருந்தாது. நர்சிங் முடித்து வெளிநாட்டுக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்கு வகுப்பு வேண்டும். அந்தத் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி உண்டு, எழுத்தைத் திருத்தப் பழகிய ஆள் தேவை. மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும் என்பதால் எப்போது எழுதுவது என்பதையும் யோசித்துச் சேர வேண்டும். சரக்குக் கப்பலில் ஏறப் போகிறவருக்குப் பொது ஆங்கிலத்தோடு, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட கடல் தொடர்புத் தொடர்களைக் கற்பதுதான் நேரடிப் பலன். ஆபத்தென்றால் விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் 'மேடே' என்று மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது நம் படகுக்காரர்களுக்கே தெரியும், அதே வகைச் சொற்கள் அவை. கணவரோடு போய்ச் சேரப் போகும் கீழக்கரைப் பெண்ணுக்கு இவை எதுவும் வேண்டாம். கடை, ஆஸ்பத்திரி, பிள்ளையின் பள்ளிக்கூடம், இந்த மூன்று இடத்தில் பேசும் ஆங்கிலத்தைப் போய் வந்த ஒரு அக்காவோடு பேசிப் பழகினால் போதும்.

என் மருமகன் எங்கும் பணம் கட்டவில்லை. கீழக்கரையில் என் தோழியின் கணவர் 20 வருடம் துபாயில் இருந்து திரும்பியவர். இரவு எட்டரைக்கு அவரைப் போனில் கூப்பிடுவான், 15 நிமிடம். ஒவ்வொரு தவறுக்கும் நிறுத்தாதீர்கள், உங்களுக்குப் புரியாத இடத்தில் மட்டும் நிறுத்துங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டோம். பேச்சைப் பதிவு செய்து மறுநாள் அவனே கேட்டு, மூன்று தவறை மட்டும் நோட்டில் எழுதுவான். அவர் காசு வாங்க மறுத்துவிட்டதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவர் வீட்டு மோட்டார் பம்பைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தான். என்ன பழுது, எப்படிச் சரிசெய்தான் என்பதை அவர் ஆங்கிலத்திலேயே சொல்ல வைத்தாராம்.

ஜூன் நடுவில் படகு கடலுக்குப் போய்விட்டது. இப்போது பேச்சு செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவுகளில். 'பில்'லும் 'கோட்'டும் தெளிந்துவிட்டன. 'ஸீரோ' இன்னும் வரவில்லை, 'சீரோ'வாகவே நிற்கிறது. வருகிற செவ்வாய் வலையைக் காயப்போட்டுவிட்டு என்னிடம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.